யூனிக் கட்டளை: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: லினக்ஸில் திரும்ப வரும் வரிகளை நீக்கும் யூனிக் (uniq) கட்டளையில் பெயர்ப் பட்டியலை ஓட்டினேன். 'மாலா' இன்னும் இரண்டு இடத்தில் நிற்கிறது. கட்டளையில் கோளாறா?

பதில்: இல்லைங்க. யூனிக் ஒவ்வொரு வரியையும் அதற்கு நேர்மேலே உள்ள வரியோடு மட்டும்தான் ஒப்பிடும். மாலா, மாலா, ரவி, மாலா என்று நான்கு வரி கொடுத்தால் மாலா, ரவி, மாலா என்றுதான் வரும். கடைசி மாலாவுக்கு மேலே இருப்பது ரவி. அதற்கும் முந்தையதை அது நினைவில் வைப்பதில்லை. முதலில் சார்ட் (sort) கட்டளையால் வரிசைப்படுத்தி, பைப் (ஒரு கட்டளையின் முடிவை அடுத்ததற்கு அனுப்பும் | குறி) வழியாக யூனிக்குக்கு அனுப்புங்கள். ஒரே மாதிரி வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும்.

கேள்வி: சார்ட் மைனஸ் யு-வே (sort -u) திரும்ப வந்தவற்றை நீக்கிவிடுகிறதே, பிறகு யூனிக் எதற்கு?

பதில்: நீக்கினால் மட்டும் போதும் என்றால் தேவையில்லை. எண்ண வேண்டும் என்றால் யூனிக்தான். மைனஸ் சி கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது எத்தனை முறை வந்தது என்று போடும். அதை மறுபடி சார்ட் மைனஸ் என்ஆர்-க்கு (பெரிய எண் முதலில் வர வரிசைப்படுத்தும் sort -nr) அனுப்பினால், லாக் கோப்பில் (நிரல்கள் நிகழ்வுகளைப் பதியும் கோப்பு) எந்தப் பிழை அதிகம் வருகிறது என்று முதல் வரியிலேயே தெரியும். மைனஸ் டி, திரும்ப வந்தவற்றை மட்டும் தலைக்கு ஒன்றாகக் காட்டும். யூனிக்கின் மைனஸ் யு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள்: அது ஒரே ஒரு முறை வந்த வரிகளை மட்டும் விட்டுவைக்கும், திரும்ப வந்த வரி அடியோடு போய்விடும். சார்ட்டின் மைனஸ் யு அப்படியல்ல.

கேள்வி: வரிகளின் பழைய வரிசை மாறக்கூடாது.

பதில்: ஆக் (awk) என்ற உரைச் செயலாக்க மொழியைப் பயன்படுத்துங்கள். வந்த வரிகளை ஓர் அணியில் (array) குறித்துக்கொண்டு, முதல்முறை வருவதை மட்டும் வெளியே விடச் சொல்லலாம். வெவ்வேறு வரிகள் எல்லாம் நினைவகத்தில் தங்கும் என்பதால் மிகப் பெரிய கோப்பில் திணறும்.

கேள்வி: சார்ட் செய்த பிறகும் 'கொடி' இரண்டு முறை வருகிறது. பார்த்தால் வித்தியாசமே இல்லை.

பதில்: வரிக் கடைசியில் இடைவெளி இருக்கிறதா, விண்டோஸிலிருந்து வந்த கோப்பா என்று முதலில் பாருங்கள். அங்கே வரி முடிவில் கூடுதலாக கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் யூனிகோடு (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் குறியீட்டு முறை) காரணமாக இருக்கலாம். 'கொ'வில் உள்ள உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. யூகான்வ் (uconv) போன்ற கருவியால், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டு சார்ட் செய்யுங்கள். ஆனால் 'கௌ'வை யாராவது ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் சேர்த்து அடித்திருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. அதைத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: யூனிக்கின் முடிவை, அது படிக்கும் அதே கோப்புக்கே > குறியால் திருப்பினேன். கோப்பு காலி!

பதில்: யூனிக் தொடங்கும் முன்பே ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை இயக்கும் நிரல்) அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடுகிறது. வேறு பெயரில் எழுதி, சரிபார்த்து, பிறகு பெயர் மாற்றுங்கள். சார்ட்டுக்கு, முடிவை எழுத வேண்டிய கோப்பைச் சொல்லும் மைனஸ் ஓ இருக்கிறது, அதில் அதே கோப்பின் பெயரையே கொடுக்கலாம். இன்னொன்று: யூனிக்குக்கு இரண்டு கோப்புப் பெயர் கொடுத்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்காது, இரண்டாவதின் மேல் முடிவை எழுதிவிடும்.