பிராசஸரை இப்போதே மாற்றுவதா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருப்பதா?

கேள்வி: என்னிடம் ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு இருக்கின்றன. புதிய கேம்கள் திணறுகின்றன. இப்போதே பிராசஸரை மாற்றலாமா, அடுத்த தலைமுறை வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றலாமா?

உங்கள் மெஷினுக்கு நேரடிப் பதில்: இப்போதே மாற்றுங்கள், பிராசஸரை மட்டும். மதர்போர்டையும் ரேமையும் தொட வேண்டாம். உங்கள் பி450 போர்டில் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் ஏஎம்டியின் ஜென் 3 வடிவமைப்புதான் கடைசித் தலைமுறை. அதற்குப் பிறகு புதுப் பெயரில் வந்தவையும் உள்ளே அதே ஜென் 3தான். அதனால் உங்கள் போர்டைப் பொறுத்தவரை காத்திருந்து பெறுவதற்கு எதுவும் பாக்கி இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, திணறலுக்குக் காரணம் பிராசஸர்தானா என்று பார்த்துவிடுங்கள். பிராசஸர்மேல் பழியைப் போட்டுக் காசைச் செலவழித்த பிறகும் திணறல் அப்படியே இருந்தால் அந்தப் பணம் வீண்.

பரிசோதனை எளிது. வி-சிங்க்கையும் (ஃப்ரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) ஃப்ரேம் வரம்பு (நொடிக்கு இத்தனை படம்தான் என்ற கட்டுப்பாடு) ஏதாவது வைத்திருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். திணறும் கேமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் முழு வேகத்தில் உழைக்கிறது. பிராசஸரை மாற்றி ஒரு பயனும் இல்லை. 60, 70 என்று ஊசலாடிக்கொண்டு ஃப்ரேமும் குறைவாக இருந்தால் சந்தேகம் பிராசஸர் பக்கம் திரும்புகிறது. உறுதிசெய்ய, ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை எகிறினால் கார்டுதான் தடை. இம்மி அசையாமல் அதே எண்ணிலேயே நின்றால் பிராசஸர் பக்கம்தான் தடை.

டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்தச் சதவீதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். “35 சதவீதம்தான் ஓடுகிறது, பிராசஸரில் இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறதே” என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். 2600-இல் 6 கோர் (தனித்தனியே வேலைசெய்யும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்). கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு த்ரெட்களில்தான் நடக்கும். ஒரு த்ரெட் நூறு சதவீதம் நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். செயல்திறன் பக்கத்தில் கிராஃபின் மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசஸரையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். அப்போதும் விண்டோஸ் ஒரே த்ரெட்டை கோர்களுக்கிடையே மாற்றிமாற்றி ஓட்டுவதால் படம் முழுத் தெளிவாக இருக்காது. ரெசல்யூஷனை இறக்கிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

பிராசஸர்தான் என்று தெரிந்த பிறகும் வேறு மூன்று காரணங்களை முதலில் கழித்துவிட வேண்டும். ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருக்கிறதா? அப்படியானால் மெமரி அலைவரிசை பாதியாகிவிடும். இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது, பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு. 3200 என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரேம், எக்ஸ்எம்பி போடாவிட்டால் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். ரைசனில் கோர்களை இணைக்கும் உள்பாதையின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் இங்கே இழப்பு இன்டெலைவிட அதிகமாகத் தெரியும். மூன்றாவது, சூடு. கேம் ஓடும்போது வெப்பநிலை 90-ஐத் தொட்டால் கூலரில் அடைத்த தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். புதுப் பிராசஸரைப் போட்டாலும் அதே கூலரில் அதே கதைதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திணறுகிறதா? இனி எந்தப் பிராசஸர் என்று பார்க்கலாம். 2600-இல் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) இருந்தாலும் அது 8, 8 என இரண்டு கூறாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பக்கத்துக் கோருக்கு மறுபக்கத்துத் தகவல் வேண்டுமென்றால் உள்பாதை வழியே சுற்றி வரவேண்டும். ரைசன் 5 5600-இல் 32 எம்பி முழுவதும் ஒரே கூறு, ஆறு கோரும் நேராகத் தொடலாம். பூஸ்ட் வேகமும் 3.9-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. டிடிபி (கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) இரண்டுக்கும் 65 வாட்தான். எனவே பவர் சப்ளை, போர்டின் மின்பகுதி, கூலர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள 3060 கார்டுக்கு 5600 போதும் என்பது என் தீர்ப்பு.

பெயர் ஒத்திருக்கிறது என்று 5500-ஐ எடுத்துவிடாதீர்கள். அதில் எல்3 கேஷ் 16 எம்பிதான், கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் 3.0 வரைக்கும்தான். பி450 போர்டே 3.0 என்பதால் இரண்டாவது குறை உங்களைப் பாதிக்காது; கேஷ் குறைவு கேமில் கண்டிப்பாகத் தெரியும். சிமுலேஷன், ஸ்ட்ராட்டஜி கேம்களும் ஏராளமான ஆட்கள் கூடும் ஆன்லைன் கேம்களும்தான் உங்கள் விருப்பம் என்றால் 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி மிக அருமையான தேர்வு. இவை 105 வாட் வகை, பெட்டியில் கூலர் வராது, 2600-உடன் வந்த சின்னக் கூலர் இவற்றுக்குப் போதாது. ஒரு சாக்கெட்டின் உச்சப் பிராசஸர்கள் செகண்ட் ஹேண்டிலும் எளிதில் விலை இறங்குவதில்லை. அந்தப் போர்டை வைத்திருக்கும் எல்லோரும் கடைசியில் தேடி வருவது அவற்றைத்தான்.

இன்டெல் போர்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில எச்சரிக்கைகள். சாக்கெட்டுக்கு எல்ஜிஏ1151 என்று ஒரே பெயர் இருந்தாலும் 6, 7-ஆம் தலைமுறைப் போர்டுகளில் 8, 9-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் ஓடாது. எல்ஜிஏ1200-இல் எச்410, பி460 சிப்செட்கள் 11-ஆம் தலைமுறையை ஏற்பதில்லை. எல்ஜிஏ1700 வைத்திருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு: 12-ஆம் தலைமுறையிலிருந்து 14 வரை அதே போர்டில் ஏறலாம். ஆனால் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரகப் பிராசஸர்களில் அதிக மின்னழுத்தத்தால் நிரந்தரப் பாதிப்பு ஏற்படும் கோளாறு வெளிவந்து, 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி மைக்ரோகோடுகள் (பிராசஸரின் உள்நிரலுக்கான திருத்தங்கள்) வந்தன. பிராசஸரைப் பொருத்தும் முன்பே அவை உள்ள பயாஸைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை மைக்ரோகோடால் குணப்படுத்த முடியாது. ஆகவே அந்த வகைகளை உத்தரவாதம் இல்லாமல் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

7-ஆம் தலைமுறை இன்டெலோ முதல் தலைமுறை ரைசனோ வைத்திருப்பவர்களை விண்டோஸும் நெருக்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக 8-ஆம் தலைமுறை இன்டெல், ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. உங்கள் 2600-க்கு இந்தச் சிக்கல் இல்லை.

அப்படியானால் எப்போதுதான் காத்திருப்பது? போர்டு, ரேம், பிராசஸர் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டிய நிலையில்தான் அந்தக் கேள்விக்கே இடம். அப்போதும் காத்திருப்புக்கு ஒரு தேதி இருக்க வேண்டும். நிறுவனமே அறிவித்து, இரண்டு மாதத்துக்குள் கடைக்கு வரப்போகிறது என்றால் பொறுங்கள். வதந்தியில் மட்டும் இருக்கும் தலைமுறைக்காகக் காத்திருந்தால் முடிவே இல்லை. அது வரும்போது அதற்கடுத்ததைப் பற்றிய வதந்தி கிளம்பியிருக்கும். புதிது வந்தால் பழையது மலிவாகும் என்பதும் பிராசஸருக்கு ஓரளவு பொருந்தும், ரேமுக்குப் பொருந்தாது. 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. புதிய சாக்கெட்டுகளான ஏஎம்டியின் ஏஎம்5-உம் இன்டெலின் எல்ஜிஏ1851-உம் டிடிஆர்5 மட்டுமே ஏற்பவை. அதனால் பிளாட்ஃபார்ம் மாற்றத்தில் கையைக் கடிப்பது பிராசஸர் விலையைவிட ரேம் விலையாக இருக்கலாம். கையில் உள்ள டிடிஆர்4-ஐ வைத்தே காலம் தள்ள முடிகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

வெளிவந்த முதல் மாதத்திலேயே பாய்ந்து வாங்குவதையும் தவிர்க்கலாம். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி வெளிவந்த புதிதில், சில போர்டுகளில் எஸ்ஓசி (பிராசஸரில் மெமரி கன்ட்ரோலர் போன்றவை உள்ள பகுதி) மின்னழுத்தம் மிகுந்து சிப்புகள் கருகின. பிறகு பயாஸ் மூலம் 1.3 வோல்ட் வரம்பு வைத்தார்கள். இது போன்ற குறைகள் களையப்படச் சில மாதங்கள் ஆகும்.

இனி மாற்றும் வேலை. பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிகள்) இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ரைசனில் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் பிராசஸருக்குள் இருப்பதால், பிராசஸர் மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் டிஸ்கில் உள்ளதெல்லாம் போச்சு. சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

அடுத்து, பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே புதிய பயாஸை ஏற்றுங்கள். பழைய பயாஸில் 5600-ஐப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் பிராசஸருக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று இருக்கும். சில போர்டுகள் நடுவில் ஒரு பதிப்பைப் போட்ட பிறகுதான் புதியதை ஏற்கும். ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில் வைத்து, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுவது பாதுகாப்பானது. நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

கூலரைக் கழற்றும் இடத்தில்தான் ஏஎம்4-இல் அதிக சேதம் நடக்கிறது. பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொள்ள, கூலரை நேராக இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையை ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிப் பிடி தளர்ந்த பிறகே தூக்குங்கள். திருகு வகைக் கூலர் என்றால் போர்டின் பின்புறத் தகடு கீழே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

புதியதை வைக்கும்போது மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்துங்கள். அது தானாக இறங்க வேண்டும். அழுத்தினால்தான் இறங்கும் என்றால் எங்கோ ஒரு பின் வளைந்திருக்கிறது, நிறுத்துங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

முதல்முறை மெஷினை இயக்கும்போது எஃப்டிபிஎம்-ஐ அழித்துப் புதிதாக்கவா என்று ஒய் அல்லது என் கேட்கும். மீட்புச் சாவி கையில் இருந்தால் ஒய். திரை வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனாலும் பதறி அணைக்காதீர்கள், போர்டு ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொண்டிருக்கும். பயாஸ் ஏற்றியதில் எக்ஸ்எம்பி அணைந்திருக்கும், மறுபடி போடுங்கள். பழைய 2600-ஐ ஓரிரு வாரம் விற்காமல் அதன் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருங்கள், பயாஸில் ஏதாவது சிக்கல் வந்தால் போர்டை எழுப்ப அது தேவைப்படும்.