ஓநாய் கழற்றி வைத்த உடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிகுபுனைவு நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது முழுக்கக் கற்பனையான நிலத்தில். ஆற்றில் ஓடம் செலுத்தும் பெண் ஒருத்தி இரவில் ஓநாயாக மாறுகிறாள். முதல் ஐந்து அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். முழுநிலவு, வெள்ளித் தோட்டா, கடித்தால் தொற்றுவது ஆகிய மூன்றையும் விட்டுவிட்டால் அது ஓநாய் மனிதக் கதையே ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். வைத்துக்கொண்டாலோ எங்கோ படித்ததைப் போல இருக்கிறது. பழங்கதையை எவ்வளவு தூரம் மாற்றலாம்? அதற்கு எல்லை உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அத்தியாயங்களை இரண்டு முறை படித்தேன். நீரோட்டம், துடுப்பின் கனம், கரையில் ஆள் கூப்பிடும் குரல் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஓநாய் வந்ததும் உங்கள் மொழி தளர்ந்துவிடுகிறது. எலும்பு முறிகிறது, நகம் நீள்கிறது, ஊளை எழுகிறது. அந்தப் பக்கங்களைத் திரையில் பார்த்ததன் நினைவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

நண்பர்கள் சொல்லும் மூன்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிலவு சில பழைய பதிவுகளிலும் வருகிறது. ஆனால் இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து மீற முடியாத விதிகளாக நம் மனத்தில் பதிந்தது 20ஆம் நூற்றாண்டின் ஹாலிவுட் படங்களால்தான். வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பழைய கதைகளில் என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்துவது உடை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் எழுதிய கதையில் படைவீரன் ஒருவன் கல்லறைகளுக்கு நடுவே ஆடைகளைக் களைகிறான், அவற்றைச் சுற்றிச் சிறுநீர் கழிக்கிறான், ஓநாயாகிக் காட்டுக்குள் ஓடுகிறான். உடன் வந்தவன் ஆடைகளை எடுக்கப் போனால் அவை கல்லாகிக் கிடக்கின்றன. அதே நூற்றாண்டின் இன்னொரு ரோமானிய எழுத்தாளர் பிளினி, தனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், கிரேக்கத்தின் ஆர்க்கேடியாவில் வழங்கிய கதை ஒன்றைப் பதிவு செய்கிறார். ஒருவன் உடையைக் கருவாலி மரத்தில் தொங்கவிட்டு, ஏரியை நீந்திக் கடந்து ஓநாயாகிறான். ஒன்பது ஆண்டுகள் மனிதரைத் தீண்டாமல் இருந்தால் மீண்டும் நீந்தி வந்து மனிதனாகலாம். முகத்தில் ஒன்பது ஆண்டு முதுமை கூடியிருக்கும். பழைய உடையும் அவனுக்குக் கிடைத்துவிடுமாம். ஒன்பது ஆண்டுகள் அந்த மரத்தடியில் யாரெல்லாம் நடந்து போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாவலுக்குரிய காலம் அதில் அடங்கியிருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் என்ற பெண் கவிஞர் பிரெஞ்சில் எழுதிய ‘பிஸ்க்லாவ்ரே’ என்ற கதைப்பாடலை அவசியம் படியுங்கள். பிரபு ஒருவர் வாரத்தில் மூன்று நாள் காணாமல் போகிறார். மனைவி விடாமல் கேட்கிறாள். ஓநாயாவதைச் சொல்லிவிடுகிறார், உடையை எங்கே மறைத்து வைக்கிறார் என்பதையும் கடைசியில் சொல்லிவிடுகிறார். தன்னை விரும்பும் வேறொரு வீரனை அனுப்பி அவள் அதை எடுத்துக்கொள்கிறாள். பிரபுவுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. அரசனின் வேட்டையில் சிக்கும் ஓநாய் அவன் பாதத்தை முத்தமிடுகிறது, அரண்மனையில் சாதுவாக வளர்கிறது. உண்மை வெளிப்பட்ட பிறகு உடையைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்கள். ஓநாய் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லோர் கண்முன்னும் மாற அதற்கு வெட்கம் என்கிறார் அங்கிருந்த அறிஞர் ஒருவர். தனியறையில் விட்டுக் கதவை மூடுகிறார்கள். பிறகு திறந்து பார்த்தால் அரசனின் கட்டிலில் மனிதன் உறங்கிக்கொண்டிருக்கிறான்.

உருமாறும் கணத்தை மரி நமக்குக் காட்டவே இல்லை. மூடிய கதவும் அந்த வெட்கமும் போதுமாக இருந்திருக்கின்றன. நீங்கள் முறிந்த எலும்புகளுக்குச் செலவிட்ட இரண்டு பக்கங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆக, எல்லை எது என்று கேட்டால் என் பதில் இதுதான். திரும்பி வரும் வழி எது, அது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் கைவிடாதீர்கள். மற்றதை மாற்றுங்கள். ஓநாய் தீயது என்பதைக்கூட மாற்றலாம். இன்றைய லாட்வியாவின் ஒரு பகுதியை உள்ளடக்கிய லிவோனியாவில் 1691இல் தீஸ் என்ற எண்பது வயது தாண்டிய கிழவர் நீதிமன்றத்தில் நின்று, தான் ஓநாயாக மாறுபவன் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். தாங்கள் கடவுளின் வேட்டைநாய்கள், நரகத்துக்குள் போய்ச் சூனியக்காரர்கள் திருடிச் சென்ற விளைச்சலை மீட்டு வருபவர்கள் என்றார். நீதிபதிகள் எத்தனை முறை மடக்கியும், சாத்தானோடு உடன்படிக்கை செய்ததாக அவர் ஏற்கவில்லை. கடைசியில் சவுக்கடியும் நாடுகடத்தலும் தண்டனையாகக் கிடைத்தன. ஒரு முதியவர் தன் கதையை நீதிமன்றத்துக்காகக்கூட மாற்றிச் சொல்லவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

நான்காம் அத்தியாயத்தில், கட்டிக்கொண்டால் ஓநாயாக மாற்றும், சாத்தான் கொடுத்த இடைவார் ஒன்று வருகிறது. அது, ஓநாயாக மாறிக் கொலைகள் செய்ததாக 1589இல் ஜெர்மனியின் பெட்புர்க்கில் மரண தண்டனைக்கு உள்ளான பீட்டர் ஸ்டும்பின் வழக்கிலிருந்து உங்களை வந்தடைந்திருக்க வேண்டும். அது சித்திரவதைக்கு அஞ்சியவரின் வாக்குமூலம். அவருடைய மகளும் அன்றே கொல்லப்பட்டாள். அதை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அலங்காரமாக எடுக்காதீர்கள். இடைவார் வேண்டுமென்றால், அப்படி ஒன்று இருப்பதாக உங்கள் ஓடக்காரியைச் சொல்லவைத்தவர்களும் கதைக்குள் வர வேண்டும்.

மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் உங்கள் ஓடக்காரி ஓநாயாக ஆற்றைக் கடக்கிறாள். அடுத்த வரியில் விடிந்துவிடுகிறது, அவள் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எந்தக் கரையில் உடையைக் கழற்றினாள், ஈரத்தோடு எப்படி நடந்து வந்தாள், வழியில் யார் பார்த்தார்கள் என்று எதுவும் இல்லை. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் தங்கை அக்காவின் துணிகளைத் துவைக்கும் காட்சி ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலாடையில் ஒட்டியிருக்கும் மணல் தங்கள் கரையின் மணல் இல்லை என்று அவள் கவனிக்கிறாள், எதுவும் பேசாமல் அலசிவிடுகிறாள். நாவலை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

அன்புடன்