தோற்கும் நாட்களில் பணம்: போக்கர் கேள்வி பதில்

காரைக்குடியில் பங்காளிகள், நண்பர்களோடு இருபது வருடமாக வார இறுதியில் போக்கர் ஆடுகிறேன். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் செயலிகளைப் பற்றிய கேள்வி எதற்கும் பதில் சொல்ல மாட்டேன்.

தேவகோட்டை: மூன்று மாதமாகத் தோற்கிறேன். மூன்று பை-இன் (மேசையில் உட்காரும்போது போடும் பணம்) போய்விட்டது. ஆட்டம் கெட்டுவிட்டதா, நேரம் சரியில்லையா?

தம்பி, மூன்று மாதம் என்பது எத்தனை கை? ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. வாரம் ஒரு இரவு, நாலு மணி நேரம், மணிக்கு 25 கை என்று வைத்தால் மொத்தம் 1,200தான். 100 கைக்கு சராசரியாக 5 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன் போட வேண்டிய இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது; 100 சேர்ந்தால் ஒரு பை-இன்) ஜெயிக்கக்கூடிய நல்ல ஆட்டக்காரரையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அவரைப் போன்ற எட்டுப் பேரில் ஒருவர் இதே 1,200 கையின் முடிவில் மூன்று பை-இன்னோ அதற்கு மேலோ இழந்திருப்பார். 40 இரவு ஆடிய பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் நஷ்டத்தில்தான் இருப்பார்கள். ஆகவே மூன்று மாத நஷ்டத்தை மட்டும் பார்த்து ஆட்டம் கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது நோட்டு. எங்கள் ஐயா அன்றைய சிட்டையை எழுதாமல் படுக்க மாட்டார். வருடக் கடைசியில் ஐந்தொகை எடுத்துப் பார்க்காமல் லாபம் என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார். நீங்களும் தேதி, ஆடிய நேரம், உள்ளே போட்டது, வெளியே எடுத்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் இன்னொரு பத்தி போடுங்கள்: பெரிய பணம் உள்ளே போன நிமிடத்தில் பலமான சீட்டு வைத்திருந்தது நானா, எதிராளியா? இரண்டு ஏஸோடு இரண்டு ராஜாவை எதிர்த்துத் தோற்றால் அது தவறல்ல. ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை அப்படித்தான் நடக்கும். ஆனால் அந்தப் பத்தியில் 'எதிராளி' என்றே வந்துகொண்டிருந்தால் நேரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

காரைக்குடி: எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது 20 பை-இன். பிளைண்ட் 1-2 ரூபாய், பை-இன் 200 என்றால் 4,000. அதைத் தனி உறையில் வையுங்கள். உறையில் பாதி கரைந்தால் சின்ன ஆட்டத்துக்கு இறங்குங்கள். இறங்க அதைவிடச் சின்ன ஆட்டம் இல்லையென்றால் சில மாதம் விலகி இருங்கள். வீட்டுப் பணம் அந்த உறைக்குள் போகவே கூடாது.

புதுவயல்: ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, விட்டதைப் பிடிக்கலாமா?

கூடாது. ஒரு லட்சம் சீட்டை 30,000 தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 70,000. தவணையோ கடைசி மாதம் வரை நிற்கும். அது கடன். கடன் பணத்தோடு உட்காருபவன் ஜெயிக்க வேண்டிய கையைப் பயந்து மடக்குவான், மடக்க வேண்டிய கையை ஆடுவான். இதை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன்: கடன் வாங்கி உட்காராதீர்கள்.

கோட்டையூர்: தோற்கும்போது இடம் மாறி உட்காரலாமா?

ராசிக்காக வேண்டாம். கண்டபடி பந்தயத்தை ஏற்றுகிற ஆள் உங்கள் வலப்புறம் வரும்படி மாறலாம். அவர் முடிவைப் பார்த்த பிறகு உங்கள் முறை வரும்.

கானாடுகாத்தான்: ஒரே இரவில் மூன்று பை-இன் போனால் எழுந்துவிடு என்று எல்லோருக்கும் சொல்கிறீர்கள். கணக்குப்படி அது தவறு. சீட்டுக்கு நேற்று, இன்று தெரியாது. பலவீனமான ஆட்கள் மேசையில் இருக்கும்போது எழுந்து போவதுதான் நஷ்டம்.

கணக்கு சரிதான். சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. எனக்கு உண்டே! ஒரு கல்யாண வீட்டு வளவில் விடிகாலை நாலு மணிக்கு நாலாவது பை-இன்னில் இருந்தேன். கையில் ராஜாவும் ஒன்பதும், வேறு வேறு சின்னம். மாலை ஆறு மணிக்கு வந்திருந்தால் யோசிக்காமல் மடக்கியிருப்பேன். அன்று மொத்தப் பணத்தையும் உள்ளே தள்ளினேன். நோட்டைப் புரட்டினால் மூன்றாவது பை-இன்னுக்குப் பிறகு ஆடிய இரவுகளில் இதே மாதிரி கைகள் வரிசையாக இருக்கின்றன.

பள்ளத்தூர்: கானாடுகாத்தான்காரர் சொல்வதே சரி. கோபம் வந்தால் எழுந்திருக்கலாம், தூக்கம் வந்தால் எழுந்திருக்கலாம். பணத்தைப் பார்த்து ஏன் எழ வேண்டும்?

தன் கோபத்தை அந்த நிமிடத்திலேயே அடையாளம் காணும் ஆளுக்கு உங்கள் விதி என் விதியைவிட நல்லது. எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிகிறது. பணத்தை எண்ணிப் பார்க்க முடியும், கோபத்தை எண்ண முடியாது. அதனால்தான் மூன்று.

கானாடுகாத்தான் மறுபடியும்: அப்படியானால் ஜெயிக்கும்போதும் ஒரு எல்லை வையுங்களேன்!

வைக்க மாட்டேன். ஜெயிக்கும்போது எனக்கு ஆட்டம் கெடுவதில்லை. சிலருக்குக் கெடும், அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஆறு மாத நோட்டை எடுத்து வாருங்கள், பக்கம் பக்கமாகப் பேசலாம். நோட்டு இல்லாமல் இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

காரைக்குடி: தோற்கத் தோற்க இரட்டிப்பாகப் போட்டால்?

200, 400, 800, 1,600, 3,200. ஐந்து தோல்வியில் 6,200 போயிருக்கும். ஐந்து தடவை தொடர்ந்து தோற்பது எந்த மாதத்திலும் நடக்கும்.

குன்றக்குடி: எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி: ஊருக்கு வரும்போது கோவா காசினோவில் ஜெயித்தால் வரி?

சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீதம். கூடுதல் வரிகளும் சேரும். தோற்ற பணத்தை அதில் கழிக்க முடியாது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி: அண்ணே, என் வீட்டுக்காரர் என் நகையை அடகு வைத்து ஆடுகிறார். அவரை நோட்டு எழுதச் சொல்லட்டுமா?

தங்கச்சி, நோட்டு இதற்கு மருந்தில்லை. பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சும் இங்கே உதவாது. அவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், தனியாக நிறுத்துவது பெரும்பாலும் முடியாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநலச் சேவை, தமிழில் பேசலாம். நீங்களே முதலில் பேசலாம், அவர் சம்மதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மீதி நகையை விற்று அவர் கடனை ரகசியமாக அடைக்காதீர்கள், அடுத்த கடனுக்கு வழி விட்டதாகிவிடும். அவர் மதிக்கிற மாமாவோ அண்ணனோ ஒருவருக்காவது விஷயம் தெரியட்டும். அடகு ரசீதுகள் எங்கே என்று இன்றைக்கே கேட்டு வாங்கி, மீட்க வேண்டிய தேதியைக் குறித்து உங்கள் கையில் வையுங்கள்.