என் உயரத்தில் மரபணுவின் பங்கு எத்தனை சென்டிமீட்டர்?

கேள்வி: உயரத்துக்கு 80 சதவீதம் மரபணுவே காரணம் என்கிறார்கள். அப்படியானால் என் 170 செ.மீ. உயரத்தில் 136 செ.மீ. பெற்றோர் தந்தது, மீதி 34 செ.மீ. சாப்பாடு தந்ததா?

பதில்: இல்லை. அந்த 80, தனி ஆளின் உயரத்தைப் பங்கு போடும் கணக்கே அல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உயரம் மாறுகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வந்தது என்று சொல்லும் எண் அது. அதுவும், பெரும்பாலோருக்கு நல்ல சத்துணவு கிடைக்கும் சமூகங்களில் கணக்கிட்டது. சிலருக்கு நிறைவான உணவு, சிலருக்குப் பட்டினி என்றாகிவிட்டால், அதே மரபணுக்கள் இருந்தும் அந்த எண் இறங்கிவிடும்.

இமாலய முயலைப் பாருங்கள். உடம்பு வெள்ளை; காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுப்பு. அதன் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி, உடற்சூட்டில் செயலிழந்து, குளிர்ந்த நுனிகளில் மட்டும் வேலை செய்கிறது. முதுகில் கொஞ்சம் ரோமத்தை மழித்து, புது ரோமம் முளைக்கும்வரை பனிக்கட்டிப் பை வைத்தால் அங்கேயும் கறுப்பாக முளைக்கும். அந்தக் கறுப்பு மரபணுவாலா, குளிராலா? இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கறுப்பு இல்லை. உங்கள் உயரமும் இப்படித்தான்.

கேள்வி: வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. வண்ண இலைகளுக்காக வளர்க்கும் கோலியஸ் என்ற அழகுச் செடி ஒன்றில் 10 செ.மீ. நீளத்தில் ஆறு தண்டுகள் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரே அளவு தொட்டிகளில் ஒரே மண்ணில் நடுங்கள். ஆறும் மரபணுவில் ஒன்றுதான். வேர் பிடித்ததும் மூன்றை வெயிலிலும் மூன்றை நிழலிலும் வையுங்கள். ஆறு வாரம் கழித்து, நுனியிலிருந்து மூன்றாவது ஜோடி இலைகளின் நீளம், அகலம், நிறத்தைக் குறியுங்கள். பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். வெயில் தொட்டி சீக்கிரம் காயும். இரண்டுக்கும் அளந்து ஒரே அளவு ஊற்றினால், வறட்சி செய்ததை வெளிச்சத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் சமமாக இருக்கும்படி ஊற்றுங்கள்.

கேள்வி: பரம்பரை நோய் என்றால் தடுக்கவே முடியாதா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். பீனைல்கீட்டோனூரியா முழுக்கப் பரம்பரைக் கோளாறு. புரதத்திலுள்ள பீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாமல், அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, உடனே உணவைக் கட்டுப்படுத்தினால் மூளை நன்றாக வளரும். மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது. ஆனால் பீனைல்அலனைனை அடியோடு நிறுத்தக்கூடாது. வளர்ச்சிக்குக் கொஞ்சம் வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்து அவ்வப்போது மாற்றித் தருவார்.