பேசாத பிள்ளையும் வாத்து பொம்மையும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 23 வயது. ஊர் கொருக்குப்பேட்டை. பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு கால் சென்டரில் இருக்கிறேன். தினமும் எண்பது பேரிடமாவது பேசுகிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் மொட்டைமாடி டேங்க் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அம்மாவிடமே பேச முடிகிறது. “வாயுள்ள பிள்ளை பிழைக்கும், இவன் என்ன செய்வான்” என்கிறார் பெரியப்பா. உள்முக சுபாவக்காரர்களுக்கு நல்ல சம்பளமுள்ள வேலை என்று தேடினால் ஆக்சுவரி (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ரிஸ்க்கைக் கணக்குப் போடுபவர்), டேட்டா சயின்டிஸ்ட் என்றே வருகிறது. எனக்குக் கோடிங் வராது. யாரிடமும் பேசாமல் நன்றாகச் சம்பாதிக்க வழி உண்டா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

யாரிடமும் பேசாத வேலை எதுவும் எனக்குத் தெரியாது. ரயில் ஓட்டப் போனால்கூட லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் உங்களுக்குத் தொண்டை கட்டிவிடும்.

கால் சென்டரை வைத்து உங்களை எடைபோட்டுக்கொள்ளாதீர்கள். முகம் தெரியாதவரின் கோபத்தை வாங்கிக்கொண்டு, யோசிக்க நேரமில்லாமல், சிரித்த குரலில் பதில் சொல்வது வாயாடிகளையே சுருட்டிப் போட்டுவிடும். ஆக்சுவரி பொய்யில்லை, நல்ல சம்பளம்தான். ஆனால் கணக்குப் பைத்தியம் வேண்டும், வருடக்கணக்கில் பேப்பர் பேப்பராகத் தேர்வு எழுதப் பொறுமையும் வேண்டும்.

நான் சொல்ல வருவது உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. பாரிமுனையில் இறங்கினால் தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு. மாடிப்படி தோறும் கஸ்டம்ஸ் ப்ரோக்கர் போர்டு; இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்காகச் சுங்கத்துறை வேலைகளை முடித்துக் கொடுப்பவர்கள். பழைய ஆட்கள் இன்னும் ‘சி.ஹெச்.ஏ. ஆபீஸ்’ (கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்) என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒன்றில் நான் சில வருடம் இருந்தேன்.

அங்கே ஒருவர் இருந்தார். காலை டீ வரும்வரை வாயே திறக்கமாட்டார். வருகிற சரக்குக்கு எந்த எண் என்று தீர்மானிப்பது அவர் வேலை. உலகத்தில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, நம் நாட்டில் எட்டு இலக்கம். எண் மாறினால் வரி மாறும்.

ஒரு பார்ட்டி சாம்பிளாக மஞ்சள் வாத்து ஒன்றைக் கொண்டுவந்தார். வாலை அழுத்தினால் அலகில் விளக்கு எரியும். முதல் நாலு இலக்கம், டார்ச் என்றால் 8513, பொம்மை என்றால் 9503. அந்த 2020 பட்ஜெட்டில்தான் பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியிருந்தார்கள். “டார்ச்னு போட்டுடுங்க சார்” என்று கெஞ்சினார் பார்ட்டி. நம்மவர் எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தார். வாத்தைச் சுவரில் காட்டினார். வெளிச்சம் சுவர்வரை போகவில்லை. திருப்பிப் பார்த்தார்: அடியில் நாலு சக்கரம். “பொம்மை” என்றார். அன்று மதியம்வரை அவர் பேசியது அவ்வளவுதான். அப்புறம் உட்கார்ந்து ஏன் பொம்மை என்று ஒரு பக்கம் எழுதினார்.

முதலாளியை விட்டால் அங்கே அதிகச் சம்பளம் அவருக்குத்தான். எண் தப்பினால் அபராதம், கண்டெய்னர் யார்டில் கிடந்து வாடகை வேறு ஏறும். கெஞ்சுகிற பார்ட்டியிடம் ‘முடியாது’ என்று சொல்வதற்குத்தான் அந்தச் சம்பளம். அதற்கு ஒரு வார்த்தை போதும், ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டும்.

முன்பு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் நின்று பேச வேண்டியிருந்தது. 2020 ஜூனில் முகமறியா மதிப்பீடு வந்தது. முதலில் ஆரம்பித்ததே சென்னையிலும் பெங்களூருவிலும்தான். வேறு ஊரில் இருக்கும் அதிகாரி திரையில் கேள்வி கேட்பார், நாம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். நம்மவருக்குப் பொற்காலம். கவுன்ட்டரில் நாலு வார்த்தை பேசியே காரியம் முடித்த என்னைப் போன்றவர்கள்தான் திண்டாடினோம்.

ஆரம்பத்தில் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம், மறைக்க மாட்டேன். டாக்குமென்ட் அடிக்கிற பையனாகத்தான் சேர்ப்பார்கள். பிறகு ஜி கார்டு தேர்வு (ப்ரோக்கரின் ஊழியராகச் சுங்க வேலை பார்ப்பதற்கான அட்டை), அதற்குப் பிறகு லைசென்ஸ் தேர்வு எழுதி எஃப் கார்டு (நீங்களே ப்ரோக்கர் ஆவதற்கானது). அதில் வாய்மொழித் தேர்வும் உண்டு, பயப்படாதீர்கள். சுங்கச் சட்டத்தைத்தான் கேட்பார்கள், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பிக்கமாட்டார்கள் என்று நம்புவோம்.

வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். சுங்க வரி அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று தீர்மானிக்க அதிலுள்ள ஆறு விளக்க விதிகளையும், பொம்மைகள் வரும் 95ஆம் அத்தியாயத்தின் தொடக்கக் குறிப்புகளையும் போனில் இறக்கி மொட்டைமாடிக்கு எடுத்துப் போங்கள். பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்தால் இந்த வேலை வேண்டாம். டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்து, இது எந்த எண்ணில் வரும் என்று யோசிக்கத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.