ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா டெஸ்டும் பார்த்துவிட முடியுமா?

கேள்வி: மருத்துவ முகாமில் விரலில் குத்தி, கையடக்கக் கருவியில் பார்த்தபோது அம்மாவுக்கு (வயது 52) ஹீமோகுளோபின் 8.9 என்றார்கள். மறுநாள் லேபில் 10.3 வந்தது. இந்தச் சின்னக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன? நம்பலாமா? இனி எல்லா ரத்தப் பரிசோதனையும் ஒரு சொட்டிலேயே வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

நான் பதினான்கு வருடமாக லேப் டெக்னீசியன். நடுவில் மூன்று வருடம், கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்க முயன்ற சிறிய குழுவில் இருந்தேன். அவர்கள் செய்து தரும் சிப்பில் (மெல்லிய வாய்க்கால்கள் கொண்ட சின்னத் தட்டு) ரத்தம் ஏற்றி, அதே ரத்தத்தைப் பெரிய செல் கவுண்டரிலும் (ரத்த அணுக்களை எண்ணும் லேப் இயந்திரம்) ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. அம்மாவின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது.

ஹீமோகுளோபினிலிருந்தே தொடங்கலாம். பழைய முறையில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை எடுத்து 5 மில்லிலிட்டர் டிராப்கின் கரைசலில் விடுவோம். ரத்தம் சுமார் 250 மடங்கு நீர்த்துவிடும். அதை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குவெட்டில் (ஒளி ஊடுருவும் சின்னக் கிண்ணம்) ஊற்றி, 540 நானோமீட்டர் பச்சை ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்போம். நீர்க்காத ரத்தத்தை அதே குவெட்டில் ஊற்றினால் ஒளி மறுபக்கம் வந்தே சேராது. அந்தக் கரைசலில் பொட்டாசியம் சயனைடு வேறு இருக்கிறது. கிராமம் கிராமமாகத் தூக்கிக்கொண்டு அலையக்கூடிய சரக்கு இல்லை.

ஒளி எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது நிறப்பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, அதற்குள் ஒளி எவ்வளவு தூரம் போகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. சரி, ரத்தத்தை நீர்க்க வைப்பதற்குப் பதிலாகத் தூரத்தைக் குறைத்தால்? 1982-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஹீமோக்யூ நிறுவனத்தின் குவெட் இதைத்தான் செய்கிறது. இரண்டு பிளாஸ்டிக் சுவர்களுக்கு நடுவே சுமார் 0.13 மில்லிமீட்டர் இடைவெளி, அவ்வளவுதான். அதன் முனையைச் சொட்டில் வைத்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல 10 மைக்ரோலிட்டர் ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். பம்ப் கிடையாது, பிப்பெட் கிடையாது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அந்த இடைவெளியே முடிவு செய்துவிடுகிறது.

உள்ளே சுவரில் மருந்துகள் உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கும். ஒன்று சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை வெளியே விடும். நைட்ரைட் அதன் இரும்பை வேறு நிலைக்கு மாற்றும். அசைடு அதோடு சேர்ந்து நிலையான நிறத்தைக் கொடுக்கும். கருவி 570 நானோமீட்டரில் ஒருமுறை அளக்கும், 880-ல் இன்னொருமுறை அளக்கும். இரண்டாவது எதற்கு என்றால், ரத்தத்தில் கொழுப்பு மிதந்தாலும் கலங்கலாக இருந்தாலும் ஒளி சிதறிவிடும். அந்தக் கலங்கலை 880 காட்டிக்கொடுக்கும், அதைக் கழித்துவிடலாம். பின்னால் வந்த இன்னொரு மாடலில் மருந்தே கிடையாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் ஒரே அளவு ஒளியை உறிஞ்சும் அலைநீளம் ஒன்று 506 நானோமீட்டரில் இருக்கிறது. அங்கே அளந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்ற கவலையே வேண்டாம். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஆக, நுண்பாய்மமும் (மெல்லிய இடைவெளியில் திரவத்தை ஓட்டும் நுட்பம்) ஒளியும் சேர்ந்தால் ஹீமோகுளோபினை ஒரு நிமிடத்துக்குள் அழகாக அளக்கலாம். அப்படியென்றால் மற்ற டெஸ்டெல்லாம் ஏன் இப்படி வரவில்லை?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் 14 என்றால், ஒரு லிட்டர் ரத்தத்தில் 140 கிராம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ட்ரோபோனின்-டி என்ற புரதத்துக்கு, இதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரம் கோடி மடங்கு. ஹீமோகுளோபின் தானே அடர்த்தியான நிறம் கொண்டது. ட்ரோபோனினுக்கு நிறமும் கிடையாது. அதை ஆன்டிபாடி கொண்டு பிடித்து, ஒளிரும் பொருளை அதில் ஒட்டி, ஒட்டாததையெல்லாம் கழுவி, மிச்சமிருக்கும் மங்கலான வெளிச்சத்தை அளக்க வேண்டும். மெல்லிய இடைவெளி ஹீமோகுளோபினுக்கு வரம். நிறத்தைப் பார்த்து அளக்கிற மற்றவற்றுக்கு அதுவே பாரம், ஒளி போகும் தூரம் நூறில் ஒரு பங்கானால் கிடைக்கும் சிக்னலும் நூறில் ஒரு பங்குதான்.

எண்ணிப் பார்க்கும் டெஸ்டுகள் நடுவில் வருகின்றன. வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். ஒரு சொட்டே தாராளம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பார்க்கும் சிடி4 செல்கள் (நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளையணு) 200-க்குக் கீழே போனால் ஆபத்து. அதையும் விரல் ரத்தத்தில் எண்ணலாம். பீமா என்ற பெட்டிக் கருவி 25 மைக்ரோலிட்டர் ரத்தத்தில், ஒளிரும் சாயம் பூசிய ஆன்டிபாடிகளைக் கலந்து, கேமராவில் படமெடுத்து, சுமார் இருபது நிமிடத்தில் எண்ணிச் சொல்லிவிடும். மின்சாரம் சரியாக இல்லாத ஆப்பிரிக்கக் கிளினிக்குகளில் இதைப் பயன்படுத்தினார்கள். ஆயிரம் செல்களை எண்ணினால் எண்ணிக்கையின் தடுமாற்றம் 3 சதவீதம்தான். நூறை மட்டும் எண்ணினால் 10 சதவீதம். இந்தத் தடுமாற்றத்தை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது, கூடுதல் ரத்தம்தான் குறைக்கும்.

கடைசியாக ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் எடுக்கிறோம். "இவ்வளவா?" என்று கேட்காத நோயாளி இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான நோய்த்தொற்றிலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு பாக்டீரியா மட்டும் இருப்பது சகஜம். ஒரு சொட்டில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இல்லாததை எந்தச் சிப்பும் காட்ட முடியாது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான். தேடுகிற பொருள் அந்தச் சொட்டுக்குள் எத்தனை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கருவியின் சாமர்த்தியம் அதற்கு அப்புறம்தான்.

சிப்புக்குள் ரத்தம் எப்படிப் போகிறது என்பதும் தனிக் கதை. நூறு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) அகல வாய்க்காலில் எந்தத் திரவமும் தேன் ஒழுகுவதுபோல அமைதியாகப் போகும், சுழிப்பு வராது. இரண்டு திரவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் கலக்காமல் கோடு போட்டதுபோலப் போய்க்கொண்டிருக்கும். மூலக்கூறுகள் தானாகப் பரவினால்தான் கலப்பு. ஆனால் தூரம் சின்னதாக இருப்பதால் அதுவே போதும். சின்ன மூலக்கூறு ஒன்று ஒரு மில்லிமீட்டர் பரவ எட்டு நிமிடம் ஆகும் என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு ஐந்து வினாடி போதும். பெரிய லேபில் கலக்கி, குலுக்கிச் செய்வதைச் சிப் சும்மா இருந்தே செய்துவிடுவது இதனால்தான்.

சிக்கல் ரத்தத்தாலேயே வருகிறது. எங்கள் குழுவில் ஒருமுறை சிப்பின் சிவப்பணு எண்ணிக்கை தொடர்ந்து குறைவாகவே வந்தது. லென்ஸை மாற்றினார்கள், எல்இடியை மாற்றினார்கள், மென்பொருளை இரண்டு முறை திருத்தி எழுதினார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம் போனது. கடைசியில் காரணம் 1929-லேயே ராபின் ஃபோரியஸ் எழுதிவைத்தது. சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். டெஸ்டின் வரலாற்றில் வரும் அதே ஸ்வீடன்காரர்தான். 300 மைக்ரானுக்குக் குறைவான குழாயில் சிவப்பணுக்கள் நடுவுக்கு வந்துவிடும், சுவர் ஓரம் பிளாஸ்மா (அணுக்கள் இல்லாத ரத்த நீர்) மட்டும் ஓடும். நடுவில் வேகம் அதிகம் என்பதால் அணுக்கள் சீக்கிரம் கடந்துவிடுகின்றன. எந்த நொடியில் படம் எடுத்தாலும், வெளியே சொட்டில் இருப்பதைவிடக் குழாய்க்குள் குறைவாகத்தான் இருக்கும். கருவி சரியாகத்தான் எண்ணியது. எண்ணக் கிடைத்த ரத்தம் வேறு.

வேதிப் பரிசோதனைகளுக்குப் பிளாஸ்மா தனியாக வேண்டும், சிவப்பு நிறம் குறுக்கே வரக்கூடாது. இதற்குச் சுழற்றுவதுதான் நம்பகமான வழி. அமெரிக்காவில் வந்த பிக்கோலோ கருவி, சின்ன வட்டத் தட்டில் சுமார் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தை விட்டுச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கிறது. அதைத் தட்டின் ஓரத்தில் இருக்கும் குவெட்டுகளுக்கு அனுப்பி, அங்கே உலர்மருந்து உருண்டைகளைக் கரைத்து, சுழலும்போதே ஒளி பாய்ச்சி அளந்துவிடுகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் முடிவு. தட்டு சுழல்வதே அதற்குப் பம்பும் வால்வும். மின்சாரமே இல்லாத இடத்துக்கு, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2017-ல் காகிதத்தில் ஒரு சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) செய்து காட்டியது. சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து, இரண்டு கையாலும் இழுத்து 'விர்ர்' என்று சுற்றுவோமே, அதே தத்துவம். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும் என்று அளந்தார்கள். ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மா பிரிந்துவிடும். அப்போது அதைச் செய்ய ஆன செலவு 20 சென்ட்.

சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் ஒளியில்தான் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1970-களில் வந்தவை அப்படித்தான், ஸ்ட்ரிப்பின் நிறத்தைப் பார்த்தன. இப்போது வீட்டில் இருப்பவை பெரும்பாலும் மின்னோட்டத்தை அளப்பவை.

இனி, சொட்டைப் பற்றி. என் அனுபவத்தில் அதிகத் தவறு நடப்பது கருவிக்குள் அல்ல, விரல் நுனியில். ஒரு முகாமில் ஒரே பெண்ணுக்கு இடது கையில் 9.1, வலது கையில் 10.4 வந்தது. இரண்டும் அதே கருவி, இடையில் ஐந்து நிமிடம்கூட இல்லை. இடது கையில் ரத்தம் சரியாக வரவில்லை என்று விரலைப் பிழிந்திருந்தார்கள். பிழிந்தால் திசுக்களில் இருக்கும் நீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துவிடும். கை சில்லென்று இருந்தாலோ, குத்தியது ஆழம் போதாவிட்டாலோ பிழியத்தான் தோன்றும். காத்திருக்கும் வரிசையும் நீளமாக இருக்கும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்தது தானாகத் திரளும் வரை பொறுத்து, ஒரே மூச்சில் குவெட்டை நிரப்ப வேண்டும். நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். மருந்து பூசிய குவெட் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்றில் மருந்து கெட்டுப்போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சொட்டுக்குச் சொட்டு மாறும். 2015-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே விரல் குத்தலிலிருந்து அடுத்தடுத்து வந்த சொட்டுகளை ஒப்பிட்டார்கள். கையிலிருந்து ஊசியில் எடுக்கும் ரத்தத்தின் அளவுக்குச் சீரான முடிவு வேண்டுமென்றால், ஆறு முதல் ஒன்பது சொட்டுகளின் சராசரி தேவைப்பட்டது.

இது ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தையே ஆட்டிவைக்கும். விரல் ரத்தத்தில் பார்த்த தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21), ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. சிரை ரத்தத்தில், அதாவது நாம் பேச்சில் 'நரம்பில் எடுத்த ரத்தம்' என்போமே, அதில் பார்த்த இன்னொரு தேசிய ஆய்வு (2016–18), ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்றது. வயதும் வருடமும் சற்று வேறு, வாதங்களும் பல. ஆனாலும் இடைவெளியில் ஒரு பங்கு விரல் நுனியிலிருந்து வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில், முடிந்த இடத்தில் சிரை ரத்தத்தையும் தானியங்கி செல் கவுண்டரையுமே பரிந்துரைக்கிறது.

தெரானோஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விரல் சொட்டில் நூற்றுக்கணக்கான டெஸ்ட் என்று சொன்ன, 2003-ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். 2015-ல் பத்திரிகைச் செய்தியில் உண்மை வெளிவந்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022-ல் தண்டிக்கப்பட்டார். எனக்கு அதில் ஆறாத வருத்தம், தவறான ரிசல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போன நோயாளிகளைப் பற்றியது. நேர்மையாக ஒரு டெஸ்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் உழைக்கும் குழுக்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மலைக்கிராமத்தில் பிரசவத்துக்கு முன் ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 6 என்று அந்த இடத்திலேயே தெரிவது, மூன்று நாள் கழித்து வரும் துல்லியமான 6.4-ஐவிட மேல். அந்தப் பெண்ணை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிகிறது.

இப்போது அம்மா. 8.9, 10.3 இரண்டில் லேபில் வந்த 10.3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கவனியுங்கள், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை, 8 முதல் 10.9 வரை நடுத்தர வகை. இரண்டு எண்ணுமே அந்த ஒரே வகைக்குள்தான் வருகின்றன. முகாமில் சொன்னது வீண் இல்லை. லேப் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள், மாதவிடாய் எப்படி இருக்கிறது, நின்றுவிட்டதா என்பதையும் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் டெஸ்ட்) பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள், அதற்கு மறுபடி கையில் ஊசி போட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள். மருந்து தொடங்கிய பிறகு திரும்பப் பார்க்கும்போது அதே லேபில் பாருங்கள். அப்போதுதான் ஏறியது உண்மையாகவே ஏறியதா என்று தெரியும்.