மருந்துக்கும் குணத்துக்கும் நடுவில் என்ன வேலை?

ஐயா, உங்கள் கடிதத்தில் கோபம் எது, கவலை எது என்று பிரிக்க முடியவில்லை. நீட் தேர்வில் மகளுக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போகவும் மாட்டேன் என்கிறாள். பி.எஸ்சி. புள்ளியியல் படித்து, “எந்த வைத்தியம் பலிக்குது, எது பலிக்கலைன்னு பார்க்கிற வேலைக்குப் போறேன்” என்கிறாள். “டாக்டர் மருந்து கொடுக்கிறார், நோயாளி குணமாகிறார். நடுவில் இவளுக்கு என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்தே ஆகவேண்டும், நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் முழு ஓய்வும் இல்லாமல் தேற முடியாது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியம் போனார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனால் 1959-ல் முடிவு வெளிவந்தபோது இரண்டு பக்கமும் குணமானவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. தேற்றியது மாத்திரை, காற்றும் படுக்கையும் அல்ல. பல நாடுகள் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழிக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

குலுக்கல் எதற்கு? டாக்டரே தேர்ந்தெடுத்திருந்தால், இரக்கப்பட்டு முற்றிய நோயாளிகளைத்தான் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் எந்த ஒப்பீடு நிற்கும்?

நீங்கள் சொல்லும் ‘நடுவில்’ இருக்கிற வேலை இதுதான். குணமானவர்களை எண்ணினால் போதாது, அந்த மருந்து இல்லாதிருந்தால் எத்தனை பேர் குணமாகியிருப்பார்கள் என்றும் கேட்கவேண்டும். கேட்காமல் விட்டால் உயிர் போகும். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாவதை அடக்க அமெரிக்காவில் சில மருந்துகள் கொடுத்து வந்தார்கள். ஈசிஜியில் துடிப்பு சீரானதை டாக்டர்கள் கண்ணால் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தது தெரிந்து, 1989-ல் அந்த மருந்துகளைக் கொடுப்பதைப் பாதியில் நிறுத்தினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அதுவரை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்தான் இல்லை.

இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரிய வித்தையும் அல்ல. குலுக்கல் முறையை முறைப்படுத்திய ஃபிஷர் இங்கிலாந்தில் பயிர் வயல்களில் வேலை பார்த்தவர். கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தபோது சராசரி மதிப்பெண் உயரவில்லை; ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கே பயன்பட்டது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது ஒரு காரணம். அந்த ஆய்வில் ஈடுபட்ட மைக்கேல் கிரெமருக்கு 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோவோடு சேர்த்து. ஆக, மருந்து வேண்டாம் என்று பின்னாளில் தோன்றினாலும் உங்கள் மகள் கல்வி, விவசாயம், அரசுத் திட்டங்கள் என்று பக்கம் மாறிக்கொள்ளலாம். எம்.பி.பி.எஸ்.ஸில் அந்த வசதி கொஞ்சம் குறைவுதான்!

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் கணக்கு இருந்தால்தான் புள்ளியியல் பாதை எளிது. மகள் பயோ-மேத்ஸ் என்பதால் கவலையில்லை. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி மூன்றிலும் புள்ளியியல் துறை உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். நுழைவுத் தேர்வு கடினம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் பெரும்பாலும் தரவு பதிகிற வேலையில்தான் உட்கார வைப்பார்கள். முதுகலை கட்டாயம் என்று இப்போதே மனதில் வையுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் உயிரிப் புள்ளியியல் எம்.எஸ்சி. இருக்கிறது. அரசு வேலைதான் வேண்டும் என்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு உண்டு. இடையில் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளை இலவசமாக இறக்கிப் பழகட்டும்.

ஒன்று மட்டும் அவளிடம் நீங்களே கேளுங்கள். மூன்று வருடம் பாடுபட்டு, கடைசியில் “இந்த மருந்தால் பயனில்லை” என்று எழுதவேண்டி வந்தால் தாங்குவாளா? பாதி நாள் இந்த வேலை அப்படித்தான் முடியும். பாராட்டு எதிர்பார்க்கிறவர்கள் இங்கே சோர்ந்துபோவார்கள்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஆறு மாத ‘கிளினிக்கல் ரிசர்ச்’ டிப்ளமோ, நூறு சதவீத வேலை உத்தரவாதம், இரண்டு லட்சம் கட்டணம் என்று, அதற்கு இன்னும் முன்பணம் கட்டவில்லைதானே? அங்கே வேலை கிடைத்தவர்களின் படங்களைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? பாதியில் நின்றவர்களை எண்ணிக்கையில் சேர்த்தார்களா? வேலை கிடைத்தவர்கள் ஏற்கெனவே பி.ஃபார்ம். முடித்தவர்களா? அப்படியென்றால் டிப்ளமோ இல்லாமலே கிடைத்திருக்காதா? என்ன வேலை, எத்தனை மாதம் நிலைத்தது?

சனிக்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகளையும் கூட்டிப்போங்கள். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள், கேள்விகளை அவள் கேட்கட்டும். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், அதற்கு அவள் அடுத்து என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.